வால்பாறைச் சாலையில் பிக்கப்: 2எச், 4எச், 4எல் இவற்றுள் எதை, எங்கே?

நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப் வண்டியில், விசை எந்தச் சக்கரங்களுக்குப் போக வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க ஒரு குமிழ் உண்டு: 2எச் என்றால் பின்சக்கரங்களுக்கு மட்டும், 4எச் என்றால் நான்கு சக்கரங்களுக்கும், 4எல் என்றால் நான்கு சக்கரங்களுக்கும் குறைவேகக் கியரோடு. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களில் ஒரு சாரார், முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்ததுமே குமிழை 4எச்-க்குத் திருப்பிவிட்டு வீடு திரும்பும்வரை அதைத் தொடமாட்டார்கள். மறு சாராருக்கோ, பின்சக்கரம் சேற்றில் புதைந்து வெறுமனே சுழலத் தொடங்கிய பிறகுதான் அப்படியொரு குமிழ் இருப்பதே நினைவுக்கு வரும். சாலை முழுவதும் ஒரே தன்மையோடு இருந்தால் எந்த நிலையைத் தேர்வது என்பதில் பெரிய சிக்கல் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்த தார், நனைந்த தார், சாலைமேல் வழிந்து கிடக்கும் செம்மண், பாசி படிந்த கான்கிரீட் என்று தரை மாறிக்கொண்டே போகும்போதுதான் மூன்று நிலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவை எழுகிறது.

அப்படி ஒப்பிட்டுப் பார்க்கப் பொள்ளாச்சி–வால்பாறைச் சாலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தூரம்; ஆழியாற்றைத் தாண்டியதும் எண்பலகை இட்ட 40 கொண்டை ஊசி வளைவுகள்; ஊர் இருப்பது சுமார் 3,500 அடி உயரத்தில். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, அட்டகட்டிக்கு மேலே மூடுபனியும் மழையுமாக இருப்பது அங்கே வழக்கமான காட்சி. தமிழகத்திலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு இந்த மலையில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குள் பிரியும் சாலைகளோ தார், கருங்கல் ஜல்லி, வெறும் மண், சக்கரத் தடத்துக்கு மட்டும் போட்ட கான்கிரீட் பட்டை என்று அடிக்கொரு முகம் காட்டும். வண்டிக்கு எடுத்துக்காட்டாக, 2016-இல் இந்தியச் சந்தைக்கு வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸையும் 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸையும் கொள்ளலாம். இரண்டின் நான்கு சக்கர இயக்க வகைகளும் அடிப்படையில் ஒரே அமைப்பைக் கொண்டவை: தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இணைத்துக்கொள்ளும், நடு டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பல்லிணைத் தொகுதி) இல்லாத அமைப்பு.

அந்தக் கடைசி விவரத்தில்தான் இந்த ஒப்பீட்டின் உயிர் இருக்கிறது. 2எச்-இல் என்ஜினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. 4எச்-க்குத் திருப்பியதும், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பெட்டி முன் அச்சுக்குப் போகும் தண்டையும் பின் அச்சுக்குப் போகும் தண்டையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிவிடுகிறது. 4எல்-இலும் அதே பூட்டுதான். கூடவே ஒரு வேகக் குறைப்புப் பல்லிணையும் சேர்ந்துகொள்வதால், ஒவ்வொரு கியரிலும் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்து, இழுவிசை அதே அளவுக்குக் கூடுகிறது. நேர்கோட்டில் ஓடும்வரை இந்தப் பூட்டினால் தொல்லை ஏதும் இல்லை. வண்டி வளையும்போதோ முன்சக்கரங்கள் எப்போதும் பின்சக்கரங்களைவிட அகலமான வட்டத்தில் சுற்ற வேண்டியிருக்கிறது. ஹைலக்ஸின் இரு அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 3,085 மில்லிமீட்டர். பின் அச்சின் நடுப்பகுதி 10 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், முன் அச்சின் நடுப்பகுதி 10.47 மீட்டர் ஆரத்தில் போகும். ஒரு கொண்டை ஊசி வளைவின் அரைவட்டம் முடிவதற்குள் முன் அச்சு கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்க வேண்டும். அது சக்கரத்தின் அரைச் சுற்றுக்கும் அதிகம். இரு தண்டுகளும் பூட்டப்பட்டிருப்பதால் அந்தக் கூடுதல் சுற்றுக்கு வழியில்லை. ஆகவே ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கித்தான் அந்தக் கணக்கு நேராக வேண்டும். சேற்றில் அது தானாக நடந்துவிடும், ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது. காய்ந்த தாரில் டயர் தரையை விடாது. விசை முழுவதும் தண்டுகளிலும் பல்லிணைகளிலும் முறுக்காகச் சேர்கிறது. ஸ்டியரிங் கனத்துப்போவதும், வளைவில் வண்டி விக்கி விக்கி நகர்வதும், பிறகு 2எச்-க்குத் திருப்பினாலும் நான்கு சக்கர இயக்கத்தைக் காட்டும் விளக்கு அணைய மறுப்பதும் அந்த முறுக்கின் அடையாளங்கள். அப்போது குமிழோடு மல்லுக்கட்டாமல், ஸ்டியரிங்கை நேராக்கிச் சிறிது தூரம் பின்னோக்கி எடுத்தால் முறுக்கு விடுபட்டுவிடும்.

ஆகவே, எதில் பிடிமானம் அதிகம் என்ற கேள்வி மட்டும் போதாது. எந்தத் தேர்வு தவறாகிப்போனால் எவ்வளவு இழப்பு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். 2எச்-இல் போகும்போது எதிர்பாராமல் சேறு வந்தால், சமதளமாக இருக்கும் பட்சத்தில் சக்கரம் சற்றே சுழலும். நிறுத்தி, 4எச்-க்கு மாற்றி, கிளம்பிவிடலாம். இழப்பு அரை நிமிடம். 4எச்-இல் போகும்போது எதிர்பாராமல் காய்ந்த தாரில் ஒரு கூர்மையான வளைவு வந்தால், இழப்பு பாகங்களின் ஆயுளில் போய்ச் சேரும். உடனே கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதே தவறு மறுநாளும் நடக்கும். ஆனால் செங்குத்தான மண் ஏற்றத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. பாதி ஏற்றத்தில் 2எச் கைவிட்டால் வண்டி நிற்பதோடு முடியாது. பின்னோக்கி வழுக்கி இறங்கவும் கூடும். எனவே தாரில் 2எச் பக்கமும், மண் ஏற்றத்தில் நான்கு சக்கர இயக்கத்தின் பக்கமும் சாய்ந்து தவறுவது நல்லது என்பதே என் துணிபு.

இப்போது சர்ச்சைக்குரிய இடத்துக்கு வருவோம்: நனைந்த தார். மழையில் 4எச் போட்டுக்கொண்டால் பத்திரம் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் கால்பங்கு உண்மை இருக்கிறது. ஏற்றத்தில் கிளம்பும்போதும், வளைவிலிருந்து வெளியேறி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் நான்கு சக்கரங்கள் விசையைப் பகிர்ந்துகொள்வது நல்லதுதான். ஆனால் பிரேக் பிடிக்கையில் எல்லா வண்டியும் நான்கு சக்கர வண்டியே. 4எச் போட்டதால் நிற்கும் தூரம் குறைந்துவிடாது. வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டால் பக்கவாட்டு வழுக்கலையும் அது தடுப்பதில்லை. மேலும், சீராக நனைந்திருக்கும் நல்ல தாரில்கூடப் புதிய டயருக்குப் போதுமான பிடிமானம் இருப்பதால், மேலே சொன்ன முறுக்கு அங்கேயும் ஓரளவு சேர்ந்துகொண்டுதான் இருக்கும். ஒன்பதாம் வளைவுப் பக்கம் வரையாடு பார்க்க வண்டிகளை நிறுத்தியிருப்பார்கள். மூடுபனியில் அந்த வரிசை திடீரென்று முளைக்கும்போது காப்பாற்றப்போவது குறைந்த வேகம், குமிழ் அல்ல.

இந்தக் கணக்கை மாற்றும் ஒன்று உண்டு, அது வண்டியின் பின்தொட்டி. பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங் பாரத்துக்கென்றே கட்டப்பட்டது. தொட்டி காலியாக இருக்கையில் பின்சக்கரங்களின் மேல் எடை குறைவாகவும் ஸ்பிரிங் விறைப்பாகவும் இருக்கும். எனவே ஈரத்தில் 2எச் என்பது, எடை குறைந்த சக்கரங்களிடம் விசை முழுவதையும் ஒப்படைப்பதாகிறது. உரமூட்டைகள் ஏற்றியிருந்தால் அதே சாலையில் அதே 2எச் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். ஒரே மழை, ஒரே வளைவு. போகும்போது ஒரு தேர்வு, பாரம் இறக்கித் திரும்பும்போது வேறொரு தேர்வு என்று அமைவது முரண்பாடல்ல. காலித் தொட்டியோடு நனைந்த மலைச்சாலையில் போக வேண்டியவருக்கு என் பரிந்துரை: 2எச்-லேயே இருங்கள், ஆக்ஸிலரேட்டரைப் பஞ்சுபோல மிதியுங்கள், பின்பகுதி ஒருமுறையாவது அசைந்து காட்டினால் நேரான பகுதியில் 4எச்-க்கு மாறுங்கள், வளைவுகளில் அதன் கனத்தைக் கையில் உணர்ந்தால் மீண்டும் 2எச்-க்கு வாருங்கள். நான்கு சக்கரத்தைத் தொடர்ந்து வைத்திருக்கத் தகுந்த தார் என்று ஒன்று உண்டென்றால், அது மண்சரிவுக்குப் பிறகு செம்மண் குழம்பு அகலமாக மூடிய தார்தான். அப்போது அது பெயருக்குத்தான் தார்.

மாற்றும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். ஓடும்போதே 2எச்-இலிருந்து 4எச்-க்கு மாற்ற இந்த வண்டிகள் அனுமதிக்கின்றன; அதற்கான வேக வரம்பு வண்டிக்கு வண்டி மாறுவதால், கையேட்டில் உள்ள எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். கையேடு எதை அனுமதித்தாலும், மலையில் 40, 50 கிலோமீட்டர் வேகத்துக்குள், ஸ்டியரிங் நேராக இருக்கையில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி மாற்றுவதே நல்லது. பின்சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது மாற்றவே கூடாது. வேகமாகச் சுழலும் தண்டையும் அசையாத தண்டையும் ஒரே நொடியில் இணைப்பது பல்லிணைகளை மோதவிடுவதற்குச் சமம். 4எல்-க்கு மாற வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே குமிழைத் திருப்ப வேண்டும். ஆகவே ஏற்றத்தின் அடிவாரத்தில்தான் முடிவெடுக்க வேண்டும். நடுவில் எடுக்க நேர்ந்தால், ஏற்கனவே வழுக்கும் இடத்தில் நின்றுகொண்டு எடுப்பதாக இருக்கும்.

தோட்டச் சாலைக்குள் நுழைந்துவிட்டால் போட்டி 4எச்-க்கும் 4எல்-க்கும் இடையில்தான். பெரும்பாலோர் 4எல்-ஐ ஆபத்துக் காலத்துக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள். அதை அன்றாடக் கருவியாகக் கொள்ள வேண்டும் என்பேன். இரண்டும் தருவது ஒரே பிடிமானம். வேறுபாடு வேகத்திலும் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. ஓரளவு சமமான, நீண்ட சேற்றுப் பாதையில் வண்டி தன் ஓட்டத்தை இழக்காமல் போக வேண்டும். அங்கே 4எச்-உம் இரண்டாம் கியரும் சரி, 4எல் போட்டால் சக்கரம் தேவைக்கு மேல் விசை பெற்றுச் சுழன்று குழி பறிக்கும். கற்கள் துருத்திய, மெதுவாக மட்டுமே ஏற வேண்டிய செங்குத்துப் பாதையில் 4எல். கைகியர் வண்டியில் இதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு: பாரத்தோடு அத்தகைய ஏற்றத்தில் 4எச்-இன் முதல் கியரில் கிளம்ப முயன்றால், வண்டியின் வேகம் என்ஜினோடு ஒத்துவரும்வரை கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். கருகிய வாடை வந்துவிட்டால் பாடம் தாமதமாகிவிட்டது என்று பொருள். 4எல்-இல் கிளட்ச்சை விட்டதும் வண்டி தானாக ஊர்ந்து ஏறும்.

சிக்கலான விதிவிலக்கு, காய்ந்த கான்கிரீட் போட்ட செங்குத்து வளைவு. அங்கே பிடிமானம் மிகுதி, எனவே 4எல்-இலும் அதே முறுக்குப் பிரச்சினை, அதுவும் இரண்டரை மடங்கு இழுவிசையோடு. ஆனால் 2எச்-இல் குறைவேகக் கியர் கிடையாது. வண்டி காலியாக இருந்தால் 2எச்-இல் முதல் கியரில், இடையில் நிற்காமல் ஏறிவிடலாம். முழுப் பாரத்தோடு நிற்க நேர்ந்தால் 4எல்-இல் கிளம்பி, வளைவை இயன்ற அளவு அகலமாக எடுத்து, வளைவுக்கு அப்பால் சற்றே மண் கிடைக்கும் இடத்தில் முறுக்கை விடுவித்துக்கொள்வதே குறைந்த தீமை. கிளட்ச்சா, பல்லிணையா என்ற அந்தத் தேர்வில், குறுகிய தூரத்துக்கு நான் கிளட்ச்சைத்தான் காப்பாற்றுவேன். அதே கான்கிரீட்டின் மேல் பாசியும் ஈர இலையும் படிந்திருந்தால் இந்தத் தயக்கத்துக்கே இடமில்லை, 4எல்தான்.

இறக்கத்தைப் பற்றி இதைவிட விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் மலையில் ஏற்றத்தில் திணறிய வண்டியைவிட, இறக்கத்தில் கட்டுப்பாடிழந்த வண்டியால்தான் உயிருக்கு ஆபத்து. தார் இறக்கத்தில் காய்ந்த சாலையென்றால் 2எச்-உம், ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ ஏறத்தாழ அதே தாழ்ந்த கியரும் போதும். தானியங்கி கியர் வண்டியில் கையால் கியரைத் தாழ்த்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஈரமான, செங்குத்தான இறக்கத்தில், காலித் தொட்டியோடு 2எச்-இல் திடீரெனக் கியரைத் தாழ்த்தினால், என்ஜினின் தடுப்புவிசை முழுவதும் எடை குறைந்த பின்சக்கரங்களின் மேல் விழுந்து, பிரேக்கைத் தொடாமலேயே பின்பகுதி வழுக்கிவிடக் கூடும். 4எச்-இல் அந்தத் தடுப்பு நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுகிறது. நனைந்த சாலையில் 4எச்-க்கு உண்மையான மதிப்பு இருக்கும் இடம் இதுதான். மழையில் 4எச் போடும் பழக்கமுள்ளவர்கள் பெரும்பாலும் சொல்லாத காரணமும் இதுதான்.

மண் இறக்கத்தில் 4எல்-இன் முதல் அல்லது இரண்டாம் கியருக்கு நிகர் எதுவும் இல்லை. கால் எதையும் மிதிக்காமல், என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். ஹைலக்ஸில் இறக்கக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு பொத்தானும் உண்டு. அது ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே விட்டுவிட்டு அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. குறுகிய, வழுக்கும் இறக்கத்தில் அது அருமையான துணை. ஆனால் வேலையைச் செய்வது பிரேக்தான் என்பதை மறக்கக் கூடாது; கிலோமீட்டர் கணக்கில் நீளும் இறக்கத்தில் அதை மட்டும் நம்பினால் பிரேக் சூடேறி வலுவிழக்கும். முதலில் தாழ்ந்த கியர், அதற்கு மேல் தேவைப்பட்டால் பொத்தான்.

குமிழுக்குப் பக்கத்திலேயே எக்கோ, பவர் என்று வேறு பொத்தான்களும் இருப்பதால் குழப்பம் வருகிறது. சில வெளிநாட்டு வகைகளில் சேறு, மணல், வழுக்குத்தரை என்று தரையின் பெயரிலேயே நிலைகள் உண்டு. குமிழ், விசை எந்தச் சக்கரங்களுக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தப் பொத்தான்களோ ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு துடிப்பாகப் பதிலளிக்க வேண்டும், கியர் எப்போது மாற வேண்டும், சுழலும் சக்கரத்தை எவ்வளவு விரைவில் அடக்க வேண்டும் என்பவற்றையே பெரும்பாலும் மாற்றுகின்றன. எனவே சேற்றுச் சாலை என்றதும் பவர் பொத்தானைத் தேடுவது தவறான உள்ளுணர்வு. மிதியின் சிறு அசைவுக்கும் துள்ளி எழும் என்ஜின் சேற்றில் சக்கரத்தைச் சுழற்றத்தான் உதவும். எரிபொருள் மிச்சத்துக்கென்று வைத்த எக்கோ நிலை மிதியை மந்தமாக்குவதால், வழுக்கும் தரையில் அதுவே கைகொடுக்கிறது. சாலையில் முந்திச் செல்லும்போது எரிச்சலூட்டுகிற அதே மந்தம், ஈரச் செம்மண்ணில் நற்குணமாகிவிடுகிறது.

இரு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் பின் டிஃபரன்ஷியல் பூட்டை, ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் மட்டும், நேராக நகர்ந்து வெளியேறப் பயன்படுத்த வேண்டும். வெளியேறியதும் விடுவித்துவிட வேண்டும். ஓடை குறுக்கிட்டால், ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர் வரை நீரைக் கடக்கும் திறன் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த எண் ஓடாத நீருக்குத்தான் நம்பத்தக்கது, மலையோடையின் இழுப்புக்கு அல்ல.

எந்த நிலையை எவ்வளவு சரியாகத் தேர்ந்தாலும், தரையைத் தொடுவது டயர் மட்டுமே. தேய்ந்த சாலை டயரோடு 4எச்-இல் போகும் வண்டியைவிட, நல்ல கரடுமுரட்டுத் தரை டயரோடு 2எச்-இல் போகும் வண்டி பல சேறுகளை எளிதாகத் தாண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருப்பதும் முக்கியம்; முன்னே புதியது, பின்னே பழையது என்று இருந்தால் சுற்றளவு வேறுபட்டு, நேர்ச்சாலையிலேயே முறுக்குச் சேரத் தொடங்கும். கோடையில் முன் அச்சுப் பக்கமே விசை போகாமல் மாதக்கணக்கில் கிடப்பதும் நல்லதல்ல. எண்ணெய் எல்லாப் பாகங்களுக்கும் பரவ மாதத்துக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டராவது நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டும்படி டொயோட்டாவின் கையேடுகள் அறிவுறுத்துகின்றன; அதற்கு ஒரு நேரான மண்சாலையைத் தேடிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு யோசனையும் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் வருவது. அது உள்ள பிக்கப்பும் உலகில் உண்டு. மிட்சுபிஷியின் எல்200, அதாவது டிரைட்டன், தன் உயர் வகைகளில் சூப்பர் செலக்ட் என்ற அமைப்போடு வருகிறது. அதில் நான்கு நிலைகள். முதலாவது வழக்கமான 2எச். இரண்டாவதான 4எச், நடு டிஃபரன்ஷியலைத் திறந்தே வைத்து, விசையை இயல்பாக முன்னே 40, பின்னே 60 என்று பகிர்வதால், காய்ந்த தாரிலும் கொண்டை ஊசி வளைவிலும் தயக்கமின்றிப் போடலாம். மூன்றாவது, நான்காவது நிலைகளில்தான் நடுப்பூட்டு விழுகிறது. தரை மாறிக்கொண்டே இருக்கும் மலைச்சாலைக்கு இந்த இரண்டாம் நிலைதான் உண்மையான விடை: மழையும் வெயிலும் மாறி மாறி வந்தாலும் குமிழைத் தொட வேண்டியதில்லை. இந்தியாவில் அது விற்பனைக்கு இல்லை என்பதால், இங்கே இருப்பவர்களுக்கு வி-கிராஸிலும் ஹைலக்ஸிலும் கையும் கவனமும்தான் அந்த டிஃபரன்ஷியலின் வேலையைச் செய்தாக வேண்டும்.

இலங்கையின் மலையகச் சாலைகளில் எல்200 ஓட்டுபவர்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு. அங்கே பழைய டபுள் கேப் (இரு வரிசை இருக்கை கொண்ட பிக்கப்) வாங்கப் போகிறவர் பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல் குமிழையும் பார்க்க வேண்டும். அதே எல்200 எளிய அமைப்போடும் விற்கப்பட்டிருக்கிறது. குமிழில் 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலைகள் மட்டும் இருந்தால் அது இங்கே சொன்ன ஹைலக்ஸின் உறவு, அதன் 4எச்-ஐக் காய்ந்த தாரில் போடலாகாது. 4எச்-ஐ அடுத்து 4எச்எல்சி என்ற ஒரு நிலையும் குறிக்கப்பட்டிருந்தால், நடு டிஃபரன்ஷியல் இருக்கிறது என்று பொருள். விலையில் சற்றே கூடுதல் கேட்டாலும், நுவரெலியாப் பக்கம் அடிக்கடி ஏறி இறங்குபவர் அதற்குக் கொடுக்கலாம். கொழும்பைச் சுற்றியே ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் தேவையில்லை.